கத்தி பட்டால் பரவுமா? குடல்வால் சளிக்கட்டியும் அந்தப் பெரிய ஆபரேஷனும்

சரி, அடுத்த கேள்வி. இங்கே சிங்கப்பூரில் ஈசூனில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். "அக்கா, அம்மாவுக்கு 58 வயது. வயிற்று வலி என்று போனார், குடல்வால் வீங்கியிருக்கிறது என்று எடுத்தார்கள். பரிசோதனைக்கூட அறிக்கையில் சளி சுரக்கும் கட்டி என்று வந்திருக்கிறது. அப்புறம் எடுத்த ஸ்கேனில் வயிற்றுக்குள் அங்கங்கே அந்தச் சளி படிந்திருக்கிறதாம். பெரிய ஆபரேஷன் செய்து, வயிற்றுக்குள்ளேயே சூடான கீமோ மருந்தை ஓட விட வேண்டும், பத்து மணி நேரம்கூட ஆகலாம் என்கிறார் டாக்டர். மாமாவோ புற்றில் கத்தி பட்டால் பரவிவிடும், இருக்கிற வரைக்கும் நிம்மதியாக இருக்கட்டும் என்கிறார். சென்னைக்குக் கூட்டிப் போகலாம் என்று இன்னொரு பக்கம் பேச்சு. அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?"

தம்பி, நான் டாக்டர் இல்லை. புற்றுநோய் அறுவை வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், இந்தச் சேனலைப் பார்க்கிற எல்லாருக்கும் அது தெரியும். அம்மாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அதனால் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் இந்த ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள், அதனால் மாமா சொன்னதைப் பற்றியும், டாக்டரிடம் நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்பதைப் பற்றியும் தாராளமாகச் சொல்லலாம்.

முதலில் மாமா. அவரைத் திட்டாதீர்கள். கத்தி பட்டால் பரவும், காற்றுப் பட்டால் பரவும் என்று சொல்லாத தமிழ்க் குடும்பத்தை நான் பார்த்ததில்லை, சீனப் பாட்டிமார்களும் இதையேதான் சொல்வார்கள். இது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சிடி ஸ்கேன் புழக்கத்துக்கு வந்ததே 1970களில்தான். அதற்கு முன்னால் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் திறந்துதான் பார்க்க வேண்டும். திறந்து பார்ப்பார்கள், எல்லா இடத்திலும் பரவியிருக்கும், ஒன்றும் செய்ய முடியாது என்று அப்படியே தைத்து மூடிவிடுவார்கள், ஆள் சில வாரங்களில் போய்விடுவார். வெளியே காத்திருந்த குடும்பத்துக்குத் தெரிந்தது என்ன? நடந்து போன மனுஷன், கத்தி வைத்தார்கள், போய்ச் சேர்ந்தார். அவ்வளவுதான். பழி கத்தி மேல் விழுந்துவிட்டது.

மார்பு, பெருங்குடல், இரைப்பை இப்படிப் பொதுவாக வருகிற கட்டிகளில் மாமா சொல்வது தவறு. அவற்றைக் குணமாக்குவதில் பெரிய பங்கு ஆபரேஷனுக்குத்தான். பயந்து தள்ளிப்போட்டு, கட்டி வெளியே புண்ணாகி வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

ஆனால், இங்கேதான் கவனியுங்கள், சில அபூர்வமான கட்டிகளில் மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கத்தி படுவதால் அல்ல, தப்பாகப் படுவதால். விரையில் கட்டி என்றால் விரைப்பையைக் கிழித்து எடுக்க மாட்டார்கள், ஊசி குத்தியும் பார்க்க மாட்டார்கள், தொடை இடுக்கு வழியாகத்தான் மொத்தமாக எடுப்பார்கள். குழந்தைகளுக்குக் கண்ணில் வருகிற ரெட்டினோபிளாஸ்டோமாவில் கண்ணுக்குள் ஊசி விட்டுச் சதை எடுப்பது கூடவே கூடாது. இரைப்பைச் சுவரில் வருகிற ஜிஸ்ட் என்ற கட்டி ஆபரேஷனில் உடைந்துவிட்டால், அது திரும்ப வருகிற ஆபத்து ஏறிவிடும். குடல்வாலில் வருகிற சளிக்கட்டியும் இந்த வகைதான். அது உடையாமல் முழுதாக வெளியே வர வேண்டும். அதனால்தான் சிறுதுளை ஆபரேஷனில் குடல்வால் சளியால் ஊதிப்போய் இருப்பதைப் பார்த்தால் அதைக் கவ்வி இழுக்காமல், ஒரு சின்னப் பைக்குள் போட்டு வெளியே எடுப்பார்கள்.

உடனே முதல் டாக்டர் மேல் சந்தேகப்பட வேண்டாம். பெரும்பாலும் இந்தக் கட்டி தானாகவே என்றைக்கோ உடைந்திருக்கும், வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனதுகூட அதனாலேயே இருக்கலாம். ஆபரேஷன் குறிப்பில் குடல்வால் உடைந்த நிலையில் இருந்ததா, முழுதாக இருந்ததா என்று எழுதியிருப்பார்கள். கேட்டு வாங்கிப் பாருங்கள். சண்டை போட அல்ல, அடுத்த டாக்டருக்கு அது வேண்டும்.

நோய் என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். குடல்வாலின் உள்பக்கம் சளி சுரக்கிற அணுக்கள் இயற்கையாகவே உண்டு. அவை கட்டியாகிச் சுவரைத் தாண்டி வெளியே கசிந்தால், போன இடத்திலும் சளி சுரந்துகொண்டே இருக்கும். இதற்கு சூடோமிக்சோமா பெரிட்டோனி என்று வாயில் நுழையாத பெயர். தீவிரம் குறைந்த வகை என்று அறிக்கையில் இருந்தால், அது பொதுவாக ரத்தம் வழியாகவோ நெறிக்கட்டி வழியாகவோ நுரையீரல், எலும்பு என்று போவதில்லை. வயிற்றுக்குள் இருக்கிற கொஞ்சம் ஈரம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் போகும். அடிவயிற்றில் தேங்கும், கல்லீரலுக்கு மேலே உதரவிதானத்துக்குக் கீழே தேங்கும், குடலை மூடியிருக்கிற கொழுப்புத் திரையில் அப்பிக்கொள்ளும். ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிற சிறுகுடலில் மட்டும் அவ்வளவாக ஒட்டாது, அசைவுதான் அதைக் காப்பாற்றுகிறது. நோயாளிக்குப் பெரும்பாலும் வலியே இருக்காது, வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போகும். பெண்கள் என்றால் சினைப்பைக் கட்டி என்று நினைத்துத் திறப்பார்கள், ஆண்கள் என்றால் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போன இடத்தில் சளி எட்டிப் பார்க்கும். ஆபரேஷன் தியேட்டரில் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன், ஆறிப்போன சவ்வரிசிக் கஞ்சி மாதிரி, லேசான மஞ்சளாக, கிண்ணம் கிண்ணமாக அள்ளிப் போட்டார்கள்.

எவ்வளவு அபூர்வம் என்றால், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அறுபது லட்சம் பேர் இருக்கிற நம் ஊருக்கு அதை வைத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு டஜன் பேர் அளவில்தான் வரும். ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் 1993 ஜனவரியில் இறந்தது குடல்வாலில் தொடங்கிய இதே குடும்பத்து நோயால்தான்.

சரி, கீமோவை டிரிப்பில் ஏற்றினால் போதாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். இந்தச் சளிக்குள் ரத்தக் குழாயே கிடையாது என்று சொல்லலாம், அதனால் ரத்தத்தில் ஏற்றுகிற மருந்து உள்ளே போய்ச் சேருவது கடினம். ஆகவே கையால் எடுக்கிறார்கள். வாஷிங்டனில் டாக்டர் பால் சுகர்பேக்கர் வளர்த்தெடுத்த முறை இது. வயிற்றை 13 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பூஜ்யத்தில் இருந்து 3 வரை மதிப்பெண் போடுவார்கள், மொத்தம் 39. அப்புறம் வயிற்றுச் சுவரின் உள்உறையை உரித்து எடுப்பார்கள், கொழுப்புத் திரை போகும், தேவைப்பட்டால் மண்ணீரல், பித்தப்பை, பெருங்குடலின் ஒரு பகுதி, பெண்களுக்குக் கருப்பையும் சினைப்பையும் போகும். கண்ணுக்குத் தெரிவது எல்லாம் போன பிறகு, கண்ணுக்குத் தெரியாததற்காக அந்தச் சூடான மருந்து. பெரும்பாலும் மைட்டோமைசின், 41 முதல் 43 டிகிரி வரை சூடாக்கி, ஒரு மணி நேரத்தில் இருந்து ஒன்றரை மணி நேரம் வரை குழாய் வழியாக உள்ளே போய் வெளியே வந்து சுழன்றுகொண்டே இருக்கும். இதைத்தான் ஹைபெக் என்கிறார்கள். வயிற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டு, மருந்து எல்லா மூலைக்கும் போவதற்காக ஒருவர் நின்று இரண்டு கையாலும் வயிற்றை இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்துக்கொண்டே இருப்பார். நோயாளியின் உடம்புச் சூடு ஏறாமல் இருக்க மயக்க மருந்து டாக்டர் இன்னொரு பக்கம் குளிரூட்டிக்கொண்டிருப்பார். இது பரிசோதனை முயற்சியோ என்று பயப்பட வேண்டாம், அமெரிக்காவில் டாக்டர் ஜான் ஸ்பிராட் குழு முதலில் செய்து 1980ல் எழுதியது, அதுவும் இதே நோய்க்காரருக்குத்தான்.

பலன் என்ன? இதில் ஒரு பெரிய தொகுப்பு 2012ல் வந்தது. உலகம் முழுக்க 16 மையங்கள், 2,298 நோயாளிகள். பத்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 63 சதவீதம். அதே தொகுப்பில், சிகிச்சையாலேயே இறந்தவர்கள் 2 சதவீதம், பெரிய சிக்கல் வந்தவர்கள் 24 சதவீதம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன் தம்பி. நாலு பேரில் ஒருவருக்குக் குடல் தையல் கசிவதோ, உள்ளே ரத்தம் கசிவதோ, மறுபடி தியேட்டருக்குப் போவதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். 63ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் யூடியூபில் தேடினால் குழம்பிவிடுவீர்கள். பிரான்சில் 265 பேரை வைத்து ஒரு முறையான ஆய்வு நடந்து, 2021ல் வெளிவந்தது. அதில் ஆபரேஷனோடு சூடான மருந்து சேர்த்தவர்களும் சேர்க்காதவர்களும் ஏறக்குறைய ஒரே காலம்தான் வாழ்ந்தார்கள், இரண்டு பக்கமும் 41 மாதத்துக்குக் கொஞ்சம் மேல். அதைக் காட்டி ஹைபெக்கே வீண் என்று பேசுகிற வீடியோக்கள் உண்டு. அந்த ஆய்வு பெருங்குடல் புற்று வயிற்று உறைக்குப் பரவியவர்களைப் பற்றியது, மருந்தும் வேறு, அரை மணி நேரம்தான் விட்டார்கள். அம்மாவின் நோய் அது இல்லை. ஆனால் அந்த ஆய்வில் இருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு, நோயை முழுதாக வெட்டி எடுத்த கைக்குத்தான் பெரும் பலன், சூடான மருந்து அதற்குப் பின்னால் வருவதுதான். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி மருந்தைப் பற்றி இல்லை. "எல்லாவற்றையும் எடுத்துவிட முடியும் என்று நினைக்கிறீர்களா?" என்பதுதான்.

முடியும் என்றால் ஒரு கதை. முடியாது, வயிற்றுச் சுமையைக் குறைக்க மட்டும் எடுக்கலாம் என்றால் அது வேறு கதை, அப்போது எதற்காக இந்த ஆபரேஷன், எத்தனை காலம் நிம்மதி கிடைக்கும் என்று பேச வேண்டும். கொஞ்சமாக, மெதுவாக வளர்கிற வகை என்றால், சில பேருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு வழியாகச் சொல்வார்கள். இதோடு, இந்த ஆபரேஷனை உங்கள் குழு ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறது, அம்மாவின் விஷயம் எல்லா டாக்டர்களும் உட்கார்ந்து பேசுகிற டியூமர் போர்டு கூட்டத்துக்குப் போனதா, எந்தெந்த உறுப்பு போகலாம், ஸ்டோமா பை, அதாவது மலம் சேர வயிற்றில் ஒட்டுகிற பை, வருமா, வந்தால் தற்காலிகமா நிரந்தரமா என்று கேளுங்கள். எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நல்ல டாக்டர் யாரும் கோபித்து நான் பார்த்ததில்லை, சிலர் கணினியைத் திருப்பி வைத்தே காட்டுவார்கள்.

அபூர்வ ஆபரேஷனில் ஒரு டாக்டரின் கைராசியைவிட, திரும்பத் திரும்பச் செய்து பழகிய இடம் முக்கியம். இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக இந்த நோயாளிகளைப் பேசிங்ஸ்டோக், மான்செஸ்டர் என்று இரண்டு ஊருக்குத்தான் பெரும்பாலும் அனுப்பிவந்தார்கள். அத்தனை பெரிய நாட்டுக்கு! தியேட்டர் மட்டும் இல்லை, ஐசியூ தாதிக்கும் உணவு நிபுணருக்கும் ராத்திரி டியூட்டி பார்க்கிற இளம் டாக்டருக்கும் ஏழாம் நாள் காய்ச்சல் வந்தால் எதை நினைத்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் ஊட்ரமில் இருக்கிற தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2000களின் தொடக்கத்தில் இருந்தே செய்கிறார்கள், இப்போது புதுக் கட்டடத்தில் இருக்கிற அதே நிலையம்தான். கெண்ட் ரிட்ஜ் பக்கமும் வயிற்று உறைப் புற்றுக்கென்று குழு இருக்கிறது.

சென்னைக்கும் வருகிறேன். அங்கேயும் நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஆபரேஷனின் சிக்கல்கள் சில, வீட்டுக்கு வந்த பிறகும் தலைகாட்டும். அங்கே செய்துவிட்டு மூன்றாம் வாரம் விமானம் ஏறி, நாலாம் வாரம் காய்ச்சலோடு இங்கே அவசரப் பிரிவுக்கு வந்தால், உள்ளே என்ன வெட்டினார்கள், எங்கே தைத்தார்கள் என்று தெரியாத ஒருவர்தான் பார்ப்பார். சொந்தபந்தம் எல்லாம் அங்கே, நாலு மாதம் அங்கேயே தங்க முடியும் என்றால் யோசியுங்கள். இரண்டாவது கருத்து வேண்டும் என்றால் அதற்குப் பறக்க வேண்டியதில்லை. முதல் ஆபரேஷனில் எடுத்த சதையின் கண்ணாடி வில்லைகளும் மெழுகுக் கட்டியும் அந்த ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கும், அதை இன்னொரு நிலையத்துக்கு அனுப்பச் சொல்லி மறுபடி படிக்கச் சொல்லலாம். அபூர்வக் கட்டிகளில் இது ரொம்ப முக்கியம், தீவிரம் குறைந்ததா கூடியதா என்பது மாறினால் சிகிச்சையே மாறிவிடும்.

இப்போது அம்மாவிடம் சொல்லாத விஷயம். இதில் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். வார்டில் ஒரு அம்மா, உங்கள் அம்மா வயதுதான் இருக்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார், மகன் கட்டில் தலைமாட்டில் நின்று வேகவேகமாக ஆங்கிலத்தில் பேசுகிறார், "அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்தால் உடைந்துவிடுவார்" என்று. அந்த அம்மா போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு நான் டிரிப் மாற்ற வந்தேன். "ஏம்மா, எனக்குப் புற்றுநோய் என்று சொல்ல என் பிள்ளைக்கு வாய் வரவில்லை போலிருக்கு, எனக்குத் தெரியும் என்று நீயாவது சொல்லிவிடேன்" என்றார். அவருக்கு முன்பே தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்கார அம்மாளிடம் எல்லாம் பேசி முடித்துவிட்டார், மகனுக்காகத்தான் தெரியாதது போல இருந்தார்.

இந்த ஆபரேஷனுக்கு முழு விவரத்தோடு சம்மதம் கொடுக்க வேண்டியவர் அம்மா. கண் விழிக்கும்போது மூக்கில் குழாய், வயிற்றில் நாலு குழாய், ஒருவேளை பக்கத்தில் ஒரு பை. குடல்வாலுக்கு இன்னொரு சின்ன ஆபரேஷன் என்று சொல்லிக் கூட்டிப் போனவருக்கு அது எப்படி இருக்கும்? அப்புறம் அவர் உங்களையும் நம்ப மாட்டார், எங்களையும் நம்ப மாட்டார், எழுந்து நட என்றால் நடக்க மாட்டார். நீங்கள் சொல்ல முடியவில்லை என்றால் தமிழ் பேசுகிற டாக்டரோ தாதியோ இருக்கிறார்களா என்று கேளுங்கள், மொழிபெயர்ப்பாளரும் ஏற்பாடு செய்வார்கள். நீங்களே மொழிபெயர்க்காதீர்கள், கஷ்டமான இடம் வந்தால் உங்கள் வாய் தானாக முழுங்கிவிடும்.

ஆபரேஷனுக்கு முன்னால் கிடைக்கிற மூன்று நாலு வாரத்தை வீணாக்காதீர்கள். தினமும் புளோக்கைச் சுற்றி நடக்க வைக்கலாம், இரண்டு மாடி படி ஏற வைக்கலாம், மூன்று பந்து போட்ட மூச்சுப் பயிற்சிக் கருவியை இப்போதே ஊத இல்லை, உறிஞ்சப் பழக்குங்கள், நிறையப் பேர் ஊதுகிறார்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மஞ்சள் மாத்திரை, பூண்டு மாத்திரை, சித்த மருந்து, மூலிகைக் குடிநீர் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சிலது ரத்தம் உறைவதைக் கெடுக்கும். சமையலில் போடுகிற மஞ்சள் தூளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பை வைக்க வாய்ப்பு இருந்தால் ஸ்டோமா தாதி முன்கூட்டியே வந்து வயிற்றில் பேனாவால் இடம் குறிப்பார். அன்றைக்கு அம்மாவைப் புடவையோ எதைக் கட்டுவாரோ அதைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பாவாடை நாடா எங்கே இறுக்கும், கொசுவம் எங்கே வரும், உட்கார்ந்தால் மடிப்பு எங்கே விழும் என்று பார்த்துத்தான் குறிக்க வேண்டும். நாடாவுக்கு நேர் கீழே பை வந்துவிட்டால் அப்புறம் தினமும் கசிவுதான், அழுகைதான்.

வீட்டுக்கு வந்த பிறகு வருகிற பெரிய சண்டை சாப்பாடு. புண் ஆறும் வரை முட்டை கூடாது, மீன் கூடாது, சீழ் வைக்கும் என்று பத்தியம் போடுவார்கள், பெரியம்மா யாராவது ஒருவர் கட்டாயம் வருவார். நேர் எதிராக வேண்டும் தம்பி. புற்றுநோயாளிக்கு எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது உணவு நிபுணர்களின் கணக்கு. அம்மா 50 கிலோ என்றால் 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான், பார்த்துக்கொள்ளுங்கள். கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்தால் புண் ஆறுவதற்கு உடம்பில் சரக்கு இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கஞ்சியிலேயே முட்டையை அடித்து ஊற்றுங்கள், மீனை முள் எடுத்து மசித்துப் போடுங்கள், சைவம் என்றால் தவ்வு (டோஃபு), பருப்பு, தயிர். புரட்டாசி வந்தாலும் இந்த ஒரு வருஷம் பெருமாள் பொறுத்துக்கொள்வார்.

சிறுகுடலில் இருந்து பை வைத்திருந்தால் நீர் இழப்புதான் பயம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் பையில் வந்தால் உடனே ஸ்டோமா தாதியைக் கூப்பிட வேண்டும். தாகம் என்று வெறும் தண்ணீரை மடக் மடக் என்று குடித்தால் இன்னும் கூடுதலாக வெளியே போகும், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓஆர்எஸ் கரைசல்தான் உள்ளே நிற்கும்.

மண்ணீரலை எடுத்திருந்தால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் கட்டாயம், முடிந்தால் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே, இல்லாவிட்டால் பிறகு. மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் பனடோல் கொடுத்துக் காலை வரை பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது, ராத்திரி இரண்டு மணி என்றாலும் அவசரப் பிரிவுதான். கைப்பையில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள், மண்ணீரல் இல்லை என்று. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டாமல் இருக்க வயிற்றில் போடுகிற ஊசியை நாலு வாரம் வரை வீட்டிலும் போடச் சொல்வார்கள். அதை நீங்களோ பணிப்பெண்ணோ வார்டிலேயே எங்கள் முன்னால் போட்டுப் பழகிவிட்டு வந்துவிடுங்கள். சூடான மருந்தால், கிருமியை எதிர்க்கிற வெள்ளணு இறங்குவதும் உண்டு, ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் பத்து நாள் வாக்கில், அதனால் அப்போது பார்க்க வருகிறேன் என்று கூட்டம் கூட்டமாக வருகிறவர்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இருமலோடு வருகிற மாமாவையும் சேர்த்துத்தான்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தேதி குறிக்கும் முன்பே மருத்துவ சமூக ஊழியரைப் பாருங்கள். மெடிஷீல்ட் லைஃப் என்ற அரசாங்கக் காப்புறுதி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு இரண்டும் ஆபரேஷன் கட்டணத்துக்கு அதன் தரவரிசையைப் பொறுத்துத்தான் கொடுக்கும், 1ஏயில் தொடங்கி 7சி வரை இருக்கிற பட்டியல் அது, எந்த வரிசையில் போடுகிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்கும் மேலே முடியவில்லை என்றால் குடியுரிமை உள்ளவர்களுக்கு மெடிஃபண்ட் என்ற அரசாங்க உதவி நிதி இருக்கிறது, வெட்கப்படாதீர்கள். வேலை அனுமதி அட்டையில் இருக்கிற தம்பிமார்களும் இதைப் பார்ப்பீர்கள், உங்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலையில் இருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னால், வீட்டுக்கே வந்து பார்க்கிற வலிநிவாரணக் குழுவை அப்போதே கேளுங்கள், கடைசி வாரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். எச்சிஏ ஹாஸ்பிஸ், சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் இரண்டும் வீட்டுக்கு வந்து இலவசமாகவே பார்க்கிறார்கள். வலி, வாந்தி, வயிற்றில் நீர் இதையெல்லாம் அவர்கள் சமாளிக்கிற விதமே தனி.

எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் இது ஒரே வருஷத்தில் மறக்கிற விஷயம் இல்லை. மெதுவாக வளர்கிற நோய், மெதுவாகத்தான் திரும்பியும் வரும், அதனால் ஸ்கேனும் சிஇஏ போன்ற ரத்தப் பரிசோதனையும் பல ஆண்டுக்கு நடக்கும். நடுவில் எப்போதாவது வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுக்கூடப் பிரியவில்லை என்றால் நோய் திரும்பிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், உள்ளே தழும்பு ஒட்டிக் குடல் மடங்கியிருக்கலாம், இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு அது அடிக்கடி பார்ப்பதுதான், வாயில் எதுவும் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தம்பி, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, முழுதாக எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது அம்மாவையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள், வெளியே நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். அடுத்து தெம்பனிஸில் இருந்து ஒரு தங்கை, மார்பு ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்குவதைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அதைப் பார்ப்போம்.